நூற்று முப்பத்தொன்று புள்ளி எட்டு

1

நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை என் மனைவி ஜெயமணி மறப்பதே இல்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்த நாள் வந்தால் கேசரி கிண்டிவிடுவாள். இந்த வருஷம் பதினாறாவது கேசரி. அது தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. நானோ சமையலறை மேசையில் ஒரு கருப்புப் பெட்டியின் முன்னால் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முப்பத்தெட்டு எண்கள் எழுதியிருந்தேன். பத்தொன்பதை அடித்தாகிவிட்டது. காலை ஏழு மணி இருபது நிமிஷம். இருபதாவது எண்ணைப் பெட்டியில் தட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெட்டி பேசியது.

என் மகள் எஸ்தர் பேசினாள்.

எட்டு மாதமாக என் காதில் விழாத குரல். "பதினாலு கிளம்பிவிட்டது, பாலம் தாண்டிவிட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள், அவ்வளவுதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏய் ஜெயமணி, இங்கன வா, இங்கன வா!" என்று கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை என்பது கூடலூரில் என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை ரசம் கேட்பதற்குக்கூட வெட்கப்படுகிறவன்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு, மகள் குரலைக் கேட்க ஒருத்தன் எதற்கு எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

ஜெயமணி நர்ஸ் படித்தவள். கனடாவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இங்கே வந்துவிட்டாள். நான் கூடலூரிலிருந்து குமுளிக்கும் அதற்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஏழு வயது எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். 'நர்ஸம்மா வீட்டுக்காரர்' என்பதுதான் இங்கே என் பெயர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறேன்.

மலை ரோட்டில் பதினோரு வருஷம் ஓட்டியவனுக்கு இந்த நாடு லைசென்ஸ் கொடுக்கவில்லை. நம் ஊர் லைசென்ஸ் புத்தகத்தை ஆபீஸில் இருந்த அம்மாளிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும் என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதுவும் தமிழில். மூன்று தடவை தோற்றேன். மூன்றாம் தடவை அந்த அம்மாள் எனக்காக வருத்தப்பட்டாள். தோற்றதைவிட அதுதான் கூச்சமாக இருந்தது.

நாலாவது தடவைக்கு எஸ்தர் என்னைத் தயார் செய்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, அதன் முதல் சொல் எப்படி இருக்கும் என்று படம் மாதிரி எழுதிக் காட்டி, எனக்கு மனப்பாடம் செய்வித்தாள். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை கூலி கேட்பாள்.

"அப்பா, உங்க ஜீப் எப்படிக் கத்தும்? கத்திக் காட்டுங்க."

"பாஆஆம், பப் பப்" என்பேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. அவளும் அதே மாதிரி கத்துவாள். ஜெயமணி அடுப்படியிலிருந்து, "ஜீப்புக்கு வழிவிடுங்கப்பா, நாங் கொழம்பு எறக்கணும்" என்பாள்.

அந்தத் தடவை பாஸ்.

அந்தப் பிள்ளைதான் போன ஜூன் மாதம் வீட்டுக்கு வந்து, படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்துவிட்டாளாம். லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது முகம் பூராவும் சிரிப்பு. என்னிடம்தான் முதலில் நீட்டினாள் அந்த அட்டையை.

நான் வாங்கவில்லை. "ஹாரன் அடிச்சுப் பொழைக்கவா உன்னைய இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்?" என்றேன்.

வருஷத்துக்கு நாலு பேச்சு பேசுகிறவன், அதில் ஒன்றை இப்படிச் செலவழித்தேன். அட்டையைத் திருப்பிப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து போனாள். ஊரின் மறுகோடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஃபோன் செய்வாள், நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஃபோனை எடுப்பேன், கையில் வைத்திருப்பேன், வைத்துவிடுவேன்.

3

சலவைக்கூடத்தில் என்னோடு மடிக்கிறவர் ஃபிராங்க். அவருக்கு ஸ்கேனர் பைத்தியம். ஸ்கேனர் என்பது ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. ஆனால் அதில் பாட்டு வராது. தீயணைப்பு வண்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் வண்டியிலிருந்து ஆபீஸுக்குப் பேசிக்கொள்வது வரும். கேட்கலாம், நாம் பேச முடியாது. எனக்கென்றே செய்த பெட்டி!

"பள்ளிக்கூட பஸ்காரர்கள் பேசுவதும் வருமா?" என்று கேட்டேன். கேட்கவே மூன்று நாள் ஆனது.

"வராமல்?" என்றார். அலைவரிசை எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "ஆனால் அந்தச் சேனல் ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி" என்றார்.

பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். எண்ணைத் தட்டியதும் புரிந்தது. ஜல்லி லாரிக்காரன் ஒருத்தன் கத்துகிறான். அவன் முடிப்பதற்குள் பழுதான காரை இழுத்துப்போகும் லாரிக்காரன் புகுந்து ஏதோ கேட்கிறான். இடையில் பஸ் ஆபீஸ்காரர். யார் யாரோடு பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. பேச்சு இல்லாத நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல். அந்த இரைச்சலை அடைக்க ஒரு திருகு இருக்கிறது, அதற்கு ஸ்குவெல்ச் என்று பெயர். அதை ஒரு அளவுக்குத் திருகி வைத்தால் கதவு சாத்தினது மாதிரி பெட்டி ஊமையாகிவிடும். யாராவது பேசினால்தான் கதவு திறக்கும். ஆனால் யார் பேசினாலும் திறக்கும். அதுதான் எனக்குத் தொல்லை.

மறுநாள் ஃபிராங்கிடம் முறையிட்டேன். அவர் ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு கம்பெனி ரேடியோவும் பேச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய முனகலைச் சேர்த்தே அனுப்பும். அது டோன். உன் காதுக்குக் கேட்காது, பெட்டிக்குக் கேட்கும். ஜல்லிக்காரர்களுக்கு ஒரு டோன், பஸ்காரர்களுக்கு ஒரு டோன். இன்ன டோன் வந்தால் மட்டும் கதவைத் திற என்று பெட்டிக்குச் சொல்லிவிடலாம். அதற்குத் தனியாக ஒரு சின்னப் பலகையைப் பெட்டிக்குள் மாட்ட வேண்டும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்னே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரியும்! கூடலூரில் எல்லாருக்கும் தெரியும்!

காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் வரிசையாக ஜீப்புகள் நுழையும். ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்ற. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ஹாரன் முறை. ஒருத்தன் மூன்று குட்டை. ஒருத்தன் நீட்டி அழுத்தி விடவே மாட்டான். நான் ஒரு நீளம், இரண்டு குட்டை. எத்தனை ஜீப் கடந்தாலும் பெண்கள் வீட்டுக்குள்ளே தலையை வாரிக்கொண்டிருப்பார்கள். அவரவர் ஜீப் ஹாரன் கேட்டதும்தான் தூக்குவாளியோடு வாசலுக்கு வருவார்கள். என் ஜீப்பில் வரும் ராசாத்தி சொல்வாள்: "உங்க ஹாரன் கேக்காம நாங் கொண்டையே முடிய மாட்டேன் டிரைவரே. மத்தவன் அடிக்கிறதெல்லாம் எனக்கு ஈ பறக்குற மாதிரிதான்."

தெரு ஒன்று, ஜீப் பல, ராசாத்தியின் காதுக்கதவு திறப்பது ஒரு ஹாரனுக்கு. டோன் என்றால் இதுதான். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இங்கிலீஷ் புத்தகம் இல்லாமலே விளங்கிவிட்டது. அன்று விரிப்புகளை எப்படி மடித்தேன் என்றே தெரியாது.

4

ஆனால் பஸ்காரர்களின் டோன் எது என்று ஃபிராங்குக்கும் தெரியாது. மொத்தம் முப்பத்தெட்டு இருந்தன. அறுபத்தேழில் தொடங்கி இருநூற்றைம்பது வரை போகிறது, புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்ணோடு. ஃபிராங்க் பலகையை வாங்கி மாட்டிக் கொடுத்தார்; அதோடு வந்த புத்தகத்தில் எழுத்தை விட்டுவிட்டேன், எண்களை மட்டும் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் போட்டு, கதவு திறக்கிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான். எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. பஸ்கள் ஏழிலிருந்து எட்டரை வரை ஓடும்.

முதல் நாள் நாலு எண். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஐந்து. ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நூறைப் போட்டதும் ஒரு முரட்டுக் குரல் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. துள்ளிவிட்டேன். ஜல்லி லாரி! 'நூறு - ஜல்லி' என்று எழுதினேன். அவன் பேசினால் அவன் மட்டும். வேறு ஈ எறும்பு இல்லை. நாலாம் நாள் நூற்றுப் பதினாலு புள்ளி எட்டில் இழுவை லாரி. எனக்கு வயது ஐம்பது. ஆனால் அந்த வாரம் பூராவும் விடிவதற்கு முன்னே விழித்துவிட்டேன், பொருட்காட்சிக்குப் போகிற பிள்ளை மாதிரி.

ஜெயமணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள்.

"ஃபோன்ல ஏழு நம்பர அமுக்குனா உங்க மக பேசுவா. அத விட்டுட்டு முப்பத்தெட்டு நம்பரோட மல்லுக்கட்டுறீக."

"ஃபோன்ல நானும்ல பேசணும்" என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள்தான் கேசரி நாள். நூற்று முப்பத்தொன்று புள்ளி எட்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எனக்குத் திருவிழாதான். மகள் என்ன பேசினாள் என்கிறீர்கள்? ஒன்றுமில்லை. பதினாலு கிளம்பியது. பதினாலில் ஒரு பிள்ளை கையுறையை விட்டுவிட்டது. பதினாலு ரயில் கேட்டில் நிற்கிறது. அவள் ரயில் கேட்டில் நின்றால் நான் மேசைக்கு அடியில் பிரேக்கை மிதித்தேன். ஒரு தடவை ஆபீஸ்காரர் ஏதோ குற்றம் சொல்ல, வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தாள். அந்த வெடுக்கு அப்படியே அவள் அம்மா. ஜல்லிக்காரனும் இழுவைக்காரனும் எங்கே போனார்கள் என்றே தெரியாது. சேனலில் என் மகள் மட்டும்தான் இருக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

தோன்றியதுதான் தப்பு. அவர்கள் எங்கேயும் போகவில்லை. அதே சேனலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கதவுதான் சாத்தியிருந்தது.

5

அவள் குரல் கிடைத்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள் எனக்கு லீவு. காலையில் லேசாகத் தொடங்கிய பனி பதினோரு மணிக்குள் எதிர்வீட்டை மறைத்துவிட்டது. பள்ளிக்கூடங்களை மூடி, பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பெட்டியில் பஸ்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. ஒன்பது திரும்பிவிட்டது. பதினொன்று திரும்பிவிட்டது.

"பதினாலு" என்று ஆபீஸ்காரர் கூப்பிட்டார். பதில் இல்லை.

"பதினாலு, பதினாலு." இல்லை.

ஐந்து தடவை கூப்பிட்டார். ஆறாவது தடவை அவர் குரலே மாறியிருந்தது. பிறகு அமைதி. நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை. ஆனால் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. யாரோ சேனலில் பேசுகிறார்கள். கதவுக்கு வெளியே.

அப்போது ராசாத்தியின் தூக்குவாளி என் தோளில் விழுந்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் குமுளி மலையில் ஏறிக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி ஒருத்தன் மேலேயிருந்து எனக்கு ஒரு டயர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவன் ஹாரனுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். வளைவில் மேலேயிருந்து ஒரு மரலாரி விடாமல் அடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. என் காதில் ஏறவில்லை. ராசாத்தி பின்னாலிருந்து தூக்குவாளியால் தோளில் ஒரு போடு போட்டாள். "யோவ் டிரைவரே, காது எங்கன இருக்கு?" நான் ஒடித்து ஒதுக்கினேன். லாரி என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. தெருவில் ஒரு ஹாரனைக் கேட்டால் போதும், வளைவில் எல்லா ஹாரனையும் கேட்க வேண்டும். மலை டிரைவருக்கு இது முதல் பாடம். அதை நான் இரண்டாம் தடவை மறந்திருந்தேன்.

டோனை எடுத்தேன். கதவு பூராவும் திறந்தது. இரைச்சலும் காற்றுமாக ஜல்லி லாரிக்காரன் குரல். தன் ஆபீஸைக் கூப்பிடுகிறான். அங்கே பதில் இல்லை, பனி என்று பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு அதே ரேடியோவில் எஸ்தர்!

"இது பள்ளிக்கூட பஸ் பதினாலு. என் ரேடியோ வேலை செய்யவில்லை. லாரி ரேடியோவில் பேசுகிறேன். தானியக் கிடங்கு ரோட்டில் பள்ளத்தில் சாய்ந்திருக்கிறோம். ஏழு பிள்ளைகள். யாருக்கும் அடி இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது, குளிர்கிறது. யாராவது கேட்கிறீர்களா?"

நான் கேட்கிறேன். நான் மட்டும்தான் கேட்கிறேன். அவள் பேச்சுக்கு அடியில் இருப்பது ஜல்லிக்காரர்களின் முனகல். பஸ் ஆபீஸின் கதவு அதற்குத் திறக்காது. "கேக்குது ஆத்தா, கேக்குது" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். ஸ்கேனரில் பேச முடியாது.

ஃபோனை எடுத்தேன். அதில் பேசலாம். எட்டு மாதமாக எடுத்து எடுத்து வைத்த அதே ஃபோன். பஸ் கம்பெனி எண்ணை ஜெயமணி சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். என்றைக்காவது நான் அழைப்பேன் என்று ஒட்டினாளோ என்னவோ. ஆபீஸ்காரர் எடுத்தார். என் இங்கிலீஷ் முழுவதும் ஓடி ஒளிந்துகொண்டது. கையில் கிடைத்ததைப் போட்டேன்.

"பஸ் பதினாலு. பள்ளம். தானியக் கிடங்கு ரோடு. பிள்ளை ஏழு, எல்லாம் நல்லாருக்கு. ரேடியோ இல்லை. ஜல்லி லாரி பக்கத்தில். குளிர். சீக்கிரம்."

"யார் பேசுவது?"

"அப்பா."

"யாருடைய அப்பா?"

"பதினாலுடைய அப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம். பிறகு அவர் யாரையோ கூவி அழைப்பது கேட்டது. பெட்டியில் எஸ்தர் பேசிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக லாரி கேபினில் ஏற்றிச் சூடு காட்டுவதாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களை எண்ணிப் பார்க்கும் டிரைவரின் குரல். எனக்கு அந்தக் குரல் தெரியும். அந்த வேலையைத்தான் ஹாரன் அடித்துப் பிழைப்பது என்று நான் சொல்லியிருந்தேன்.

நாற்பது நிமிஷத்தில் பனி தள்ளும் வண்டியும் அதன் பின்னால் வேறு பஸ்ஸும் போய்ச் சேர்ந்தன.

6

அன்று சாயங்காலம் ஜெயமணியும் எஸ்தரும் சேர்ந்தே வந்தார்கள். எஸ்தர் பூட்ஸைக் கழற்றாமல் நேராக மேசைக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் காலண்டர் தாள். பத்தொன்பது எண்கள் அடித்தபடி, இருபதாவதைச் சுற்றி வட்டம்.

"எத்தன நாளா ஒட்டுக்கேக்குறீக?"

"பன்னண்டு நாளா."

"நான் ஆபீஸ்காரரத் திட்டுனது?"

"கேட்டேன். ஒங்கம்மா பேசுன மாதிரியே இருந்துச்சு."

"எங் குடும்பத்த இழுக்காதீக" என்றாள் ஜெயமணி அடுப்படியிலிருந்து.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை நான் அப்போதும் சொல்லவில்லை. அவளுக்குத் தட்டை எடுத்து வைத்தேன். அவளும் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். சாப்பிட்டாள். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினாள். போகும்போது, "ஆபீஸ்ல எனக்கு இப்ப என்ன பேர் தெரியுமாப்பா? பதினாலு அப்பா மக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்றுத் திங்கட்கிழமை. டோன் போடாமல்தான் கேட்கிறேன் இப்போதெல்லாம். ஜல்லிக்காரன் திட்டுகிறான், இழுவைக்காரன் வழி கேட்கிறான், கேட்டுக்கொண்டே காப்பி குடிக்கிறேன். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, அந்தச் சேனலில் இதுவரை யாரும் பேசாத பேச்சு வந்தது.

"அப்பா, நம்ம தெருவத் தாண்டப்போறேன். சாப்ட்டீகளா?"

ஆபீஸ்காரர் பதறினார். "பதினாலு, என்ன சொன்னாய்? மறுபடி சொல்."

"ஒன்றுமில்லை. ரேடியோவைச் சோதித்தேன்" என்றாள் இங்கிலீஷில்.

நான் செருப்போடு பனியில் ஓடினேன். வாசலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தேன். தெருமுனையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. இந்த ஊரில் வீட்டுத்தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது. நாலாவது தடவை பாஸான பரீட்சையில் அந்தக் கேள்வியும் இருந்தது, பதிலைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

எதிர்வீட்டு அம்மாள் சன்னல் திரையை விலக்கினாள். பஸ் நிற்காமல் கடந்து போனது, பிள்ளைகள் இருக்கிறார்களே, நிற்கக் கூடாது. நான் கையை ஹாரனிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று காருக்குள் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

சமையலறைக் கதவு திறந்தது. ஜெயமணி ஆஸ்பத்திரி உடுப்போடு, கையில் கரண்டியோடு, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஏங்க! பெட்டியில சொல்லிட்டா! 'கேட்டுச்சுப்பா'ங்கிறா!"